இரைச்சலுக்கு ஒரு வாய்ப்பூட்டு

போன மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒரு மாத்திரையை வைத்துத்தான் சண்டை. சின்ன வெள்ளை மாத்திரை. அதைக் கொடுத்தால் என் வீட்டுக்காரர் சத்தம் போடமாட்டார். கொடுக்காவிட்டால், அதுவும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டால், தொண்டையிலிருந்து இழுவையாக ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். அழுகை என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. திண்டிவனத்தில் நாங்கள் இருப்பது லைன் வீடு, நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டில் டிவியைக் கூட்டி வைப்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவோம்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, மாத்திரைக் கட்சி. நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. கல்யாணமான புதிதில், இந்த மனுஷன் வாயை மூடினால் போதும், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அவ்வளவு பேச்சு அவருக்கு. இப்போது எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தச் சத்தத்துக்குள் அவர் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார் என்றால் மாத்திரை கொடுப்பது பாவம். இல்லை என்றால் கொடுக்காமல் அவரைக் கத்தவிடுவது பாவம். தினமும் காலையில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரி போல நிற்பேன்.

வேறு பெண்ணாக இருந்தால் டாக்டர் சொன்னதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். என்னைக் கெடுத்தது என் தொழில்.

எங்களுடையது மைக் செட் தொழில். எங்கள் இரண்டு குடும்பமுமே அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்தவை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன், அவர் லோடு வண்டி ஓட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றினோம். தூக்குவது, ஓட்டுவது, மேடையில் ஏறிப் பேசுவது அவர். மிக்ஸர் முன்னால் உட்காருவது நான். இரும்பை கோயில் திருவிழாவுக்கும் போவோம், கோட்டக்குப்பத்து நிக்காஹுக்கும் போவோம், எங்கள் பங்குக் கோயில் தேருக்கும் போவோம். பொம்பளை மைக் செட் என்று கிண்டல் செய்தவர்களே நல்ல சத்தம் வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் செய்தார்கள்.

ஒயர்லெஸ் மைக்கில் ஒரு சங்கதி உண்டு. மைக்கிலிருந்து வரும் அலையைப் பிடிக்கும் ரிசீவர் பெட்டி, அலை பலமாக இருக்கும்வரை ஒழுங்காகப் பேச்சை மட்டும் கொடுக்கும். மைக்கை அணைத்துவிட்டாலோ, அது தூரமாகப் போய்விட்டாலோ பெட்டி சும்மா இருக்காது. காற்றில் கிடக்கும் குப்பையை எல்லாம் பொறுக்கிப் பெரிதாக்கி, கொர்ரென்று ஸ்பீக்கரில் கொட்டும். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஸ்க்வெல்ச் என்று ஓர் ஏற்பாடு. வரும் அலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் பெட்டி தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். அந்த அளவை நாம் வைக்கலாம், பெட்டியின் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. ஏற்றி வைத்தால் இரைச்சலே வராது, ஆனால் பேசுகிறவர் கொஞ்சம் தள்ளிப் போனாலும் பேச்சு வெட்டுப்படும். இறக்கி வைத்தால் தூரத்துப் பேச்சும் கிடைக்கும், இரைச்சலும் கூடவே வரும். இரைச்சலை மட்டும் தள்ளிவிட்டு அந்த மெல்லிய பேச்சை மட்டும் கொடு என்று அதனிடம் கேட்க முடியாது. பெட்டிக்குத் தெரிந்தது பலம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் அந்த ஸ்க்ரூவுக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. ஒருமுறை கோட்டக்குப்பத்து நிக்காஹில் மாப்பிள்ளையின் மாமா, துபாயிலிருந்து வந்தவர், விருந்தாளிகளை வரவேற்றுப் பேசிக்கொண்டே மைக்கும் கையுமாகப் பிரியாணி வேகும் பின்கட்டுக்குப் போய்விட்டார். பேச்சு துண்டு துண்டாக விழுந்தது. நான் வாய்ப்பூட்டைத் தளர்த்தினேன். பேச்சும் வந்தது, பந்தலே அதிரும்படி இரைச்சலும் வந்தது. மாமா ஓடிவந்து, "இன்னாம்மா இது, ஒரே பேஜாரா கீது" என்றார். என் வீட்டுக்காரர் சிரிக்காமல், "பாய், மைக்கு பந்தலுக்குத்தான் வாடகை பேசிக்கீது. நீங்க பிரியாணி டேக்சாவுக்குப் பேசறீங்களே" என்றார். கல்யாண வீடே சிரித்தது. அந்த வாயைத்தான் நான் மூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன பெரிய வெள்ளியன்று நடந்ததை இனிமேல் சொல்லியாக வேண்டும்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது நாங்கள் பிறந்த ஊர். அங்கே பெரிய வெள்ளி மத்தியானம் சிலுவைப்பாதையை வேஷம் கட்டி நடத்துவார்கள். கோயிலில் புறப்பட்டு, கைவிட்ட கல்குவாரியின் மேட்டில் போய் முடியும். அங்கே சிலுவையை நட்டு, ஏசுவாக வருகிறவரைக் கயிற்றால் கட்டி ஏற்றுவார்கள். பல வருஷமாக ஏசு என் வீட்டுக்காரர்தான். ஆள் குள்ளம். ஏசு இவ்வளவு குட்டையா என்று வெளியூர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள். சிலுவையிலிருந்து முதல் வாக்கியத்தை அவர் சொன்னதும் அந்த முணுமுணுப்பு நின்றுவிடும். அப்படி ஒரு குரல்.

எங்கள் ஊருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் சிலுவையில் தன் கடைசி ஏழு வாக்கியங்களையும் சொல்லித் தலை சாய்த்ததும் எல்லோரும் முகங்குப்புற விழுந்து நெற்றியைத் தரையில் வைத்துக்கொள்ள வேண்டும். கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார், மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டும்வரை யாரும் தலை தூக்கக் கூடாது. அந்த நேரத்தில் சிலுவையைப் பார்ப்பது ஆண்டவர் சாவதை வேடிக்கை பார்ப்பதாகும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கூட்டம் மட்டுமல்ல, வேஷம் கட்டிய சேவகர்களும் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குப்புற விழுவார்கள். எவ்வளவு நேரம் என்பது உபதேசியாரின் பக்தியைப் பொறுத்தது. அவருக்குப் பக்தி அதிகம்.

பழைய மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிட்டதால் அந்த வருஷம்தான் புதிதாகச் செய்திருந்தார்கள். உள்ளே இரும்புக் குழாய், வெளியே மெல்லிய பலகை, மேலே பளபளவென்று வார்னிஷ். ஏறி நிற்பதற்கான பாதப் பலகையை ஆணி அடிக்காமல் கிளாம்பு போட்டு முடுக்கியிருந்தார்கள். ஏறுகிறவரின் உயரத்துக்குத் தக்கபடி நகர்த்திக்கொள்ளலாமாம். எல்லோரும் அதைப் பெருமையாகப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

மைக்கிலிருந்து அலையை அனுப்பும் டப்பாவைப் பாலித்தீன் கவரில் சுற்றி அவர் முதுகுப் பக்கம், இடுப்புத் துணிக்குள் கட்டினேன். "முதுக ஒட்டாத மாமா. குனிஞ்ச மாதிரியே நில்லு. டப்பா இரும்புல அமுங்கிச்சின்னா சிக்னல் பூடும்" என்றேன்.

"ஆண்டவரு சிலுவைல எப்டி நிக்கணும்னு நீ சொல்லித் தர்றியாமே?" என்றார். முள்முடியைச் சரி செய்துகொண்டு, "வாய்ப்பூட்ட மட்டும் பாத்துக்கோ" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி முழுப் பேச்சு அது. நான் கழற்றிய பழைய பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வண்டி குவாரி மேட்டுக்குக் கீழே நின்றது. மிக்ஸரும் ரிசீவரும் வண்டிக்குள், நான் அதன் முன்னால். வெயில் சிலுவைக்குப் பின்னாலிருந்து கண்ணில் அடித்தது. மேலே பார்த்தால் ஆள் உருவம் கறுப்பாகத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் நான் ரிசீவரின் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு வரிசை முழுவதும் எரிந்தால் அலை பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆறாவது வாக்கியம்வரை எல்லாம் சரியாகப் போனது. ஜனம் அழுதது. பிறகு விளக்குகள் சட்டென்று இறங்கின. கடைசி ஒற்றை விளக்கு மட்டும் மினுங்கியது. ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. மேலே அந்தக் கறுப்பு உருவத்தின் தலை மார்பில் சாய்ந்தது. ஏழாம் வாக்கியம் வரவில்லையே என்று உபதேசியார் ஒரு நொடி என் பக்கம் பார்த்தார். மைக் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, தன்னுடைய ஒயர் மைக்கில் ஆண்டவர் உயிர் விட்டதை அறிவித்தார். மொத்தக் கூட்டமும் புழுதியில் குப்புற விழுந்தது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வருஷம் முழுக்க அந்த ஏழாம் வாக்கியத்துக்காகத்தான் அவர் காத்திருப்பார். பேட்டரி புதுசு. பேட்டரி செத்திருந்தால் அந்த ஒற்றை விளக்கும் எரியாது. அப்படியானால் டப்பா உயிரோடு இருக்கிறது, எதிலோ அமுங்கிக் கிடக்கிறது. அலை கொஞ்சமாக வருகிறது, பெட்டிதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. டெஸ்டரை எடுத்து ரிசீவரின் முதுகில் இருந்த ஸ்க்ரூவைக் கடைசிவரை தளர்த்தினேன். குவாரி முழுக்கக் கொர்ரென்று இரைச்சல் கொட்டியது.

குப்புறக் கிடந்தவர்கள் முகத்தைத் தூக்காமலே என்னைத் திட்டினார்கள். உபதேசியார் கிடந்தவாக்கிலேயே என் பக்கம் கையை வீசி, "சத்தத்த நிறுத்தும்மா! ஆண்டவர் செத்துக் கெடக்கறாரு!" என்றார். அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ கரகரத்தது. எனக்கு மட்டும் அது புரிந்தது. கல்யாணமானதிலிருந்து அந்தத் தொண்டையை நான் ஹெட்போனில் கேட்டிருக்கிறேன்.

"பல... பலகை... பலகை..."

ஏழாம் வாக்கியத்தில் பலகை கிடையாது.

அதற்குள் வண்டியோரம் கிடந்த விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் தலையைக் குனிந்தபடியே எட்டி வந்து சத்தத்தை இறக்கினார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினேன். முதுகு இரும்பில் அமுங்கியிருக்கிறது என்றால் அவர் நிற்கவில்லை. நிற்கவில்லை என்றால் தொங்குகிறார். ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினேன். குப்புறக் கிடந்தவர்களின் கையையும் காலையும் மிதித்துக்கொண்டுதான் ஓடினேன், வேறு வழி இல்லை.

இதன் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இன்றுவரை தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் நாலைந்து பெண்கள் அழுகை தாங்காமல் சிலுவையடிக்கு ஓடுவதுண்டு. அவர்களைப் பிடித்துச் சமாதானம் செய்வதற்கென்றே ஜெருசலேம் பெண்களாக வேஷம் கட்டிய இரண்டு பேரை மேட்டின் ஓரத்தில் சிலுவைக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருப்பார்கள். அவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அழாத மே, அழாத. மூணாம் நாளு எழுந்துடுவாரு" என்று என் முதுகைத் தடவினார்கள். "உடுங்கடி, அவரு தொங்கறாரு!" என்று நான் கத்தினேன். "ஆமா மே, நமக்காகத்தான் தொங்கறாரு" என்று அவர்களும் சேர்ந்து அழுதார்கள்.

ஒருத்தியின் கையைக் கடித்தேன். அவள் அலறிய அலறலில்தான் சேவகன் வேஷம் கட்டிய ஒருவன் வழக்கத்தை மீறித் தலையைத் தூக்கினான். அட்டைத் தொப்பி கழன்று விழ, "ஐயையோ, பலக எறங்கிச்சு! ஏணி, ஏணி, ஜல்தி!" என்று கத்தினான். வெயிலில் இளகிய வார்னிஷில் கிளாம்பு வழுக்கிப் பலகை கீழே இறங்கியிருந்தது. அவருடைய பாதம் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. மார்பில் கட்டிய கயிறு கழுத்துவரை ஏறியிருந்தது. கீழே வண்டியிலிருந்து ஸ்பீக்கர் கொர்ரென்று அலறிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இப்போது எந்தக் குரலும் இல்லை.

எங்கள் வண்டியிலேயே அவரைப் போட்டுக்கொண்டு திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து ஆம்புலன்ஸில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நானும் நாத்தனாரும் தரையில் உட்கார்ந்தோம். என் புடவை முழுக்கக் குவாரிப் புழுதி. செபம் சொல்லத் தெரியாமல் போயிற்று எனக்கு. பலகை, பலகை என்றுதான் வாயில் வந்தது.

பிழைத்துவிட்டார். மூளைக்குக் காற்று போகாமல் இருந்த நேரம் அதிகம் என்றார்கள். கண் திறந்தது, சோறு இறங்கியது, கை கால் விறைத்துக்கொண்டது. பேச்சு வரவில்லை. வந்தது அந்தச் சத்தம்தான். "தெரிஞ்சி கத்தறது இல்லம்மா. மூளை அதுவா பண்றது. அவரு கஷ்டப்பட வேணாம், இந்த மாத்திரை குடுங்க" என்றார் டாக்டர். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். நான் எதைக் கொண்டு மறுக்க முடியும்?

கொடுத்தேன். வீடு அமைதியானது. பக்கத்து வீட்டு டிவி இறங்கியது. நாத்தனார் மாதாவுக்கு நன்றி சொன்னாள். அவர் எந்நேரமும் அரைக்கண்ணில் கிடந்தார், எச்சில் வழிந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஸ்பீக்கர் ஊமையாகிக் கிடந்த அந்தக் குவாரிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று எல்லோரும் அமைதி என்று நினைத்தார்கள். அமைதிக்கு உள்ளே ஒரு மனுஷன் பலகை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மாத்திரையை நிறுத்தினேன். சத்தம் வந்தது. பயந்துபோய் மறுநாள் கொடுத்தேன். மறுபடி நிறுத்தினேன். இப்படியே மழைக்காலம் போயிற்று. இதற்கு நடுவில் தொழிலும் படுத்துவிட்டது. அன்று தளர்த்திய வாய்ப்பூட்டை மறுபடி முடுக்க எனக்குக் கை வரவில்லை. தெரிந்த பையன்களை வைத்து வண்டியை அனுப்பினால், உங்கள் மைக்கில் ஒரே இரைச்சல் என்று திருப்பி அனுப்பினார்கள். முடுக்கிவிடு என்று சொன்னார்கள். முடியாது என்று சொன்னேன். எனக்கே பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ரிசீவரிலாவது ஒரு பச்சை விளக்கு மினுங்கும். அவர் முகத்தில் எந்த விளக்கைப் பார்ப்பது?

வீட்டுச் சொந்தக்கார அம்மா வந்து, "பசங்க படிக்கிதுங்க, கொஞ்சம் பாத்துக்கம்மா" என்றாள். அவள் போனதும் நாத்தனார் வெடித்தாள். "அவன் என் தம்பிமே. என் இடுப்புல வளந்தவன். அவன் கத்தறத என்னால கேட்டுக்கினு இருக்க முடியல. ஒனக்கு மட்டும் எப்டிமே முடியிது?"

"அவரு இன்னாவோ சொல்றாரு அண்ணி."

"இன்னா சொல்றான்? சொல்லு. இன்னா சொல்றான்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் மாத்திரை அட்டையை என் மடியில் எறிந்துவிட்டு எதிர் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று நான் மனம் ஒடிந்துதான் போனேன். இரண்டு மாத்திரையாகக் கொடுத்துவிடலாம், இவர் தூங்கட்டும், நானும் தூங்குகிறேன் என்றுகூட நினைத்தேன். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாயிற்று. தண்ணீர் எடுக்கப் போனபோது மூலையில் மைக் பெட்டி இருந்தது. ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். சட்டையில் குத்தும் சின்ன மைக்கை அவர் காலரில் குத்தினேன். ரிசீவரையும் மிக்ஸரையும் தரையில் வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

அந்தச் சத்தம் காதுக்குள் முழுசாக வந்தது. தாங்க முடியவில்லை. கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். மிக்ஸரில் அடிச்சத்தத்தைக் குறைத்தேன், உதட்டுச் சத்தம் விழும் இடத்தைத் தூக்கினேன். மோசமான பந்தலில் குரலைத் தேடுவதற்குச் செய்யும் அதே வேலைதான். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. நடுவில் ஒருமுறை துணி மாற்ற அவரைக் கட்டிலில் கிடத்தினேன். சத்தம் இறங்கியது. மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தேன், சத்தம் ஏறியது. இது எப்போதும் நடப்பதுதான், உட்கார்ந்தால் உடம்பு நோகிறது என்று விட்டிருந்தோம். இந்த முறை காதில் ஹெட்போன் இருந்தது. ஏறுகிற சத்தத்தின் ஆரம்பத்தில், ஒவ்வொரு தடவையும், உதடு ஒட்டிப் பிரிவது கேட்டது. ப. அப்புறம் நாக்கு மேலே படுவது. ல. அதற்குமேல் நாக்கு வரவில்லை, இழுவை ஆரம்பித்துவிட்டது. பல. பல.

நான் கீழே பார்த்தேன்.

அந்த நாற்காலி பழையதாக வாங்கியது. கால் வைக்கும் இரண்டு தட்டும் உடைந்து போயிருந்ததால் கழற்றியே கொடுத்திருந்தார்கள். புண் வராமல் இருக்க நாங்கள் அதில் தடிமனான மெத்தை போட்டிருந்தோம். ஆள் குள்ளம். அவருடைய பாதம் இரண்டும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

மைக் பெட்டியின் மரமூடியைப் பிடுங்கி, கீழே செங்கல் வைத்து, அவர் பாதங்களை எடுத்து அதன்மேல் வைத்தேன். விறைத்த விரல்கள் பலகையைத் தடவிப் பார்த்தன, பிறகு குதிகால் அழுந்தியது. சத்தம் நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. செத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஹெட்போனில் அவருடைய மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. கண் முழுசாகத் திறந்திருந்தது.

நாங்கள் அவரைச் சிலுவையிலிருந்து இறக்கவே இல்லை. தினமும் காலையில் நாங்களே தூக்கி ஏற்றியிருக்கிறோம். கேட்டபோதெல்லாம் மாத்திரை கொடுத்திருக்கிறோம்.

சத்தம் நின்றதைக் கேட்டு எதிர் வீட்டுப் படியிலிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். "குடுத்துட்டியாமே? அப்பாடா, தூங்கறானா?" என்றாள். நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரைகளைக் காட்டினேன். பிறகு அவர் காலைக் காட்டினேன். "பலக கேட்டாரு அண்ணி. அன்னிக்கி கேட்டாரே, அதே பலக."

அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தம்பியின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்த வேகத்தில் பேச்சு குழறியது.

"எத்தினி மாசமா கேட்டுக்கினே இருந்துகிறான்... அப்ப ராத்திரில கத்துவானே, அது இன்னாமே? குளிக்க வெக்கச்ச கத்துவானே, அது? என்னப் பாத்து ஒருநாளு கத்திக்கினே இருந்தானே, அது இன்னா கேட்டான்?"

பொழுது சாயும் நேரத்தில் அவர் மறுபடி ஆரம்பித்தார். இது வேறு சத்தம், உதடு ஒட்டவில்லை. பக்கத்து வீட்டில் டிவியைக் கூட்டினார்கள். நாத்தனார் எழுந்து போய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன், இன்னொரு பக்கத்தை என் காதில் வைத்துக்கொண்டேன்.